கடலோரச் சிறுதொழிலும் வரிக் கணக்கும்: ராமநாதபுரம் வட்டாரத்தில் புதிதாகத் தொழில் தொடங்குவோருக்கு

"நம்ம கடை சின்னக் கடை, நமக்கெதுக்கு வரி?" என்ற பேச்சு தொண்டியிலிருந்து சாயல்குடி வரை எல்லா ஊரிலும் கேட்கும். வரி எவ்வளவு என்பது கடையின் அளவைப் பார்த்து மட்டும் முடிவாவதில்லை. என்ன விற்கிறீர்கள், எப்படிக் கட்டி விற்கிறீர்கள், யாருக்கு எந்த மாநிலத்துக்கு அனுப்புகிறீர்கள் என்பதையும் சட்டம் பார்க்கிறது. ஒரே கருவாட்டை மூட்டையாக விற்றால் வரி இல்லை. அதையே அரைக் கிலோ பாக்கெட்டில் போட்டுப் பெயர் அச்சிட்டு விற்றால் 5 சதவீதம். ஆகவே ஆடிட்டரிடம் போவதற்கு முன் ஒரு தாளை எடுத்து, விற்கும் சரக்கையும் செய்யும் சேவையையும் ஒவ்வொன்றாக எழுதிவிடுங்கள்.

சிறுதொழில்காரர் கட்டவேண்டியவை மூன்று இடங்களுக்குப் போகின்றன. சரக்கு, சேவைக்கான ஜிஎஸ்டி, லாபத்துக்கான வருமான வரி, ஊராட்சி அல்லது நகராட்சிக்கான தொழில்வரியும் உரிமக் கட்டணமும். மூன்றுக்கும் கணக்கு வேறு, தேதி வேறு. ஒன்றில் விலக்கு இருந்தால் மற்றதிலும் இருக்கும் என்று நினைப்பதில்தான் பலரும் சிக்குகிறார்கள்.

முதலில் சரக்கை வகை பிரித்துக்கொள்ளுங்கள்

2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி விகிதங்கள் பெரும்பாலும் 5, 18 என்ற இரண்டுக்குள் வந்துவிட்டன. நம் கரையில் புழங்கும் சரக்குகளுக்கு நிலவரம் இது.

உயிர் மீனுக்கும், பச்சை மீனுக்கும், ஐஸ் வைத்த மீனுக்கும் வரி இல்லை. கருவாட்டுக்கும் உறைய வைத்த மீனுக்கும் லேபிள் இல்லாமல் விற்றால் வரி இல்லை. சில்லறைக்காக 25 கிலோ வரையிலான பொதியில் அடைத்து, எடை, விலை, தயாரித்தவர் பெயர் போன்ற விவரங்களுடன் லேபிள் ஒட்டினால் 5 சதவீதம். கருப்பட்டிக்கும் இதே விதிதான். ஓலைக் கொட்டானில் வைத்து எடை போட்டுக் கொடுத்தால் இல்லை, லேபிள் பாக்கெட் என்றால் 5. உப்புக்கும், கருவேலம் மூட்டத்தில் எடுக்கும் கரிக்கும் வரி இல்லை. வற்றல் மிளகாய்க்கு 5. தன் நிலத்தில் விளைந்த குண்டு மிளகாயைத் தானே விற்கும் விவசாயி ஜிஎஸ்டி பதிவு எடுக்கவேண்டியதில்லை. அவரிடம் வாங்கி விற்கும் வியாபாரிக்கு இந்த விலக்கு கிடையாது. ஐஸ் கட்டிக்கு 5, மீன் வலைக்கு 5. மீன் ஊறுகாய், மசாலா சேர்த்துப் பதப்படுத்திய மீன் ஆகியவை முன்பு 12, இப்போது 5.

லாட்ஜ் அறையின் ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை இருந்தால் 5 சதவீதம், உள்ளீட்டு வரி (தொழிலுக்காக வாங்கும்போது நீங்கள் கொடுத்த ஜிஎஸ்டியை, கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொள்வது) எடுக்க முடியாது. 1,000 ரூபாய்க்குக் கீழே உள்ள அறைக்கு வரியே இல்லை என்பது பழைய கதை. 2022 ஜூலை 18-இல் அந்த விலக்கு போய்விட்டது. ராமேஸ்வரத்தில் சின்ன லாட்ஜ் வைத்திருப்பவர்கள் இன்னமும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

டீசல் ஜிஎஸ்டிக்குள்ளேயே இல்லை. வேனுக்கும் ஜெனரேட்டருக்கும் எவ்வளவு டீசல் போட்டாலும் அதில் உள்ளீட்டு வரி எடுக்க வழியில்லை. மின்கட்டணமும் அப்படித்தான்.

பதிவு எப்போது கட்டாயம்

சரக்கு மட்டும் விற்பவருக்கு ஓர் ஆண்டு விற்றுமுதல் (மொத்த விற்பனை) 40 லட்சத்தைத் தாண்டினால் பதிவு வேண்டும். சேவை செய்பவருக்கும், சரக்கும் சேவையும் கலந்து செய்பவருக்கும் 20 லட்சம். ஆண்டு என்பது ஏப்ரல் முதல் மார்ச் வரை. தாண்டிய நாளிலிருந்து 30 நாளுக்குள் விண்ணப்பிக்கவேண்டும்.

இந்த வரம்பைக் கணக்கிடும்போது வரி இல்லாத சரக்கின் விற்பனையையும் சேர்த்துத்தான் எண்ணுவார்கள். பாம்பனில் ஒருவர் ஆண்டுக்கு 35 லட்சத்துக்கு மூட்டைக் கருவாடும், 6 லட்சத்துக்கு லேபிள் பாக்கெட்டும் விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வரி உள்ள விற்பனை 6 லட்சம்தான், ஆனால் மொத்தம் 41 லட்சம் என்பதால் பதிவு கட்டாயம். பதிவு எடுத்த பிறகு வரி வசூலிப்பது அந்தப் பாக்கெட் விற்பனைக்கு மட்டும். இதே ஆள் தன் வேனை வாடகைக்கு விட்டு 3 லட்சம் சம்பாதித்தால் அவர் சேவையும் செய்பவராகிவிடுகிறார், வரம்பு 20 லட்சத்துக்கு இறங்கிவிடும். ஒரே பான் எண்ணில் உள்ள எல்லாத் தொழிலும் ஒன்றாகவே கூட்டப்படும். மண்டபத்தில் ஒரு கடை, ராமநாதபுரத்தில் ஒரு கடை என்று பிரித்துக் காட்டுவதால் பயனில்லை.

அதே சமயம், வரி இல்லாத சரக்கை மட்டுமே விற்பவர் எத்தனை கோடிக்கு விற்றாலும் பதிவு எடுக்கவேண்டியதில்லை. லேபிள் இல்லாத மூட்டைக் கருவாட்டைக் கேரளத்துக்கு லாரி லாரியாக அனுப்பினாலும் அப்படித்தான். இங்கே கருவாட்டு வாடி (மீனைக் காயவைத்து விற்கும் இடம்) வைத்திருப்பவர்களில் பலர் இந்த வகைதான். தேவையில்லாமல் பதிவு எடுத்துவிட்டு, மாதாமாதம் ரிட்டர்ன் (வரிக் கணக்கு அறிக்கை) போட ஆளுக்குச் சம்பளம் கொடுப்பதில் அர்த்தமில்லை.

வரி உள்ள சரக்கை வேறு மாநிலத்துக்கு அனுப்பினால் 40 லட்ச வரம்பெல்லாம் கிடையாது, முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேண்டும். அறிவிக்கப்பட்ட சில கைவினைப் பொருள்களுக்கு மட்டும் இதில் விலக்கு உண்டு. லேபிள் ஒட்டிய கருவாட்டுப் பாக்கெட்டைப் பெங்களூருக்குக் கூரியரில் அனுப்பும் வீட்டுத் தொழில்காரர்கள் இதைக் கவனிக்கவேண்டும். இன்ஸ்டாகிராமில் ஆர்டர் வருகிறது என்பதற்காகச் சட்டம் விட்டுவிடாது.

ராமேஸ்வரம் சங்கு, சிப்பிக் கடைகளுக்கு ஒரு குறிப்பு. வடநாட்டு யாத்திரிகர் கவுண்டரில் காசு கொடுத்துப் பொருளைக் கையில் வாங்கிப் போனால் அது உள்மாநில விற்பனை. அவர் ஊருக்குப் பார்சல் அனுப்பினால் வெளிமாநில விற்பனை. கவுண்டர் விற்பனைப் பில்லில் ஆர்வக்கோளாறில் அவருடைய மாநிலத்தை எழுதிவைத்தால், அந்த மாநிலத்துக்கு விற்றதாகவே அது பதிவாகும்.

லாட்ஜ் நடத்துபவர் 20 லட்சத்துக்குள் இருந்து, ஆன்லைன் தளம் வழியாக அறை போகிறது என்றால், அந்த முன்பதிவுக்கான ஜிஎஸ்டியைத் தளமே கட்டவேண்டும். பதிவு எடுத்த பிறகு அந்தப் பொறுப்பு உங்களுடையது.

பதிவு செய்வது எப்படி

ஜிஎஸ்டி இணையதளத்தில் பதிவுக்குக் கட்டணம் எதுவும் இல்லை. நீங்கள் கொடுக்கும் பணம் எல்லாம் எழுதிக் கொடுப்பவருக்கான கூலி.

தேவைப்படுபவை: பான், ஆதார், புகைப்படம், தொழில் செய்யும் இடத்துக்கான சான்று, வங்கிக் கணக்கு விவரம். முதலில் பான், கைப்பேசி எண், மின்னஞ்சல் கொடுத்தால் ஓடிபி வந்து தற்காலிக எண் கிடைக்கும். அந்த எண் 15 நாள் செல்லும், அதற்குள் விண்ணப்பத்தின் இரண்டாம் பகுதியை நிரப்பி ஆதார் சரிபார்ப்பை முடிக்கவேண்டும். சிலரை நேரில் வந்து கைரேகை வைக்கச் சொல்வார்கள். எல்லாம் சரியாக இருந்தால் சில வேலை நாள்களில் எண் வந்துவிடும். அதிகாரி இடத்தைப் பார்க்கவேண்டும் என்று முடிவு செய்தால் 30 நாள் வரை ஆகலாம். 15 இலக்க எண் வரும், தமிழ்நாட்டுக்கு முதல் இரண்டு இலக்கம் 33.

இங்கே விண்ணப்பம் நின்றுபோவதற்குப் பெரும்பாலும் காரணம் இடச் சான்றுதான். கடற்கரையில் வாடியும் கொட்டகையும் பலருக்குப் பட்டா இல்லாத நிலத்தில் இருக்கின்றன. மின் இணைப்பு இறந்துபோன தாத்தா பெயரில் ஓடிக்கொண்டிருக்கும். விண்ணப்பித்தவர் பெயர் ஒன்று, மின் ரசீதில் பெயர் ஒன்று என்றால் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரும். அதற்கு 7 வேலை நாளுக்குள் பதில் தரவேண்டும், தராவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடி. ஆகவே முதலில் மின் இணைப்பை அல்லது சொத்துவரி ரசீதை உயிரோடிருக்கும் வாரிசு பெயருக்கு மாற்றுங்கள். இடம் அப்பா பெயரிலோ அண்ணன் பெயரிலோ இருந்தால் அவர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதமும் அவர் பெயரிலான ரசீதும் போதும். வாடகை இடம் என்றால் ஒப்பந்தத்துடன் உரிமையாளரின் ரசீதும் வேண்டும்.

இன்னொன்று, கைப்பேசி எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையதாகவே இருக்கட்டும். வேலை சுலபம் என்று பலர் ஆடிட்டர் அலுவலக எண்ணைக் கொடுத்துவிடுகிறார்கள். நோட்டீஸ் வந்தால் உங்களுக்குத் தெரியாது. ஆடிட்டரை மாற்றவேண்டும் என்றால் ஓடிபி அவரிடம் போகும். கடவுச்சொல்லை அவருக்குக் கொடுத்தாலும் ஓடிபி உங்கள் கைக்கு வரவேண்டும்.

எண் வந்தபின் 30 நாளுக்குள் வங்கிக் கணக்கை இணையதளத்தில் சேர்க்கவேண்டும். மறந்தால் பதிவு முடக்கப்படும். சான்றிதழைக் கடையில் தெரியும்படி மாட்டி, பெயர்ப் பலகையில் எண்ணை எழுதவேண்டும்.

வழக்கமான முறையா, கூட்டு வரி முறையா

விற்றுமுதல் ஒன்றரைக் கோடி வரை உள்ள சரக்கு வியாபாரி, 'காம்போசிஷன்' என்று எல்லோரும் சொல்லும் கூட்டு வரி முறையில் சேரலாம். வியாபாரிக்கு வரி உள்ள விற்பனையில் 1 சதவீதம். உற்பத்தியாளருக்கும் 1 சதவீதம்தான், ஆனால் மொத்த விற்பனையின் மீது. வரி இல்லாத சரக்கும் அதில் சேரும். உணவகத்துக்கு 5. மற்ற சேவைகளுக்கு 50 லட்சம் வரை 6 சதவீதம். இந்த வரியை வாடிக்கையாளரிடம் தனியாக வாங்கக்கூடாது, கையிலிருந்து கட்டவேண்டும். உள்ளீட்டு வரி இல்லை. வேறு மாநிலத்துக்கு விற்கக் கூடாது.

யாருக்கு எது பொருந்தும்? ஐஸ் பிளான்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 60 லட்சம் விற்பனை என்றால் வழக்கமான முறையில் 5 சதவீதம், அதாவது 3 லட்சம் வரி. வாங்குவது படகுக்காரர்கள். சம்மாட்டிகளில் (படகு உரிமையாளர்களில்) பெரும்பாலோருக்கு ஜிஎஸ்டி பதிவு இல்லை, அதனால் அந்த 3 லட்சம் அப்படியே ஐஸ் விலையில்தான் ஏறும். பிளான்ட்டின் பெருஞ்செலவு மின்சாரம், அதில் எடுக்க உள்ளீட்டு வரி எதுவும் இல்லை. கூட்டு வரி முறையில் 60,000 ரூபாயோடு முடிகிறது. ஆகவே பெரிய இயந்திரம் வாங்கும் ஆண்டைத் தவிர, ஐஸ் பிளான்ட்டுக்குக் கூட்டு முறைதான் லாபம். (ஐஸ்கிரீம் தயாரிப்பவருக்கு இந்த முறை மறுக்கப்பட்டிருக்கிறது. ஐஸ் கட்டிக்கு அந்தத் தடை இல்லை. பெயர்க் குழப்பத்தில் யாராவது முடியாது என்று சொன்னால் நம்பவேண்டாம்.)

லாட்ஜுக்குக் கணக்கு நேர்மாறு. வழக்கமான முறையில் 5 சதவீதத்தை விருந்தினரிடம் வாங்கிக் கட்டிவிடலாம். கூட்டு முறையில் 6 சதவீதத்தைச் சொந்தக் காசில் கட்டவேண்டும். அதில் சேர்வதற்குக் காரணமே இல்லை.

மீன் ஊறுகாய் போடுபவர் உற்பத்தியாளர். அதே பெயரில் பச்சை மீனும் மூட்டைக் கருவாடும் பெரிய அளவில் விற்றால், கூட்டு முறையில் அந்த வரி இல்லாத விற்பனைக்கும் சேர்த்து 1 சதவீதம் போகும். அப்படிப்பட்டவர் வழக்கமான முறையில் இருப்பதே நல்லது. சென்னையிலும் கொச்சியிலும் உள்ள பெரிய கடைகளுக்கு அனுப்புபவரும் வழக்கமான முறையில்தான் இருக்கவேண்டும். கூட்டு முறைப் பில்லை வைத்து அவர்களால் உள்ளீட்டு வரி எடுக்கமுடியாது என்பதால் வாங்கத் தயங்குவார்கள்.

பில் எழுதுவது

வரி உள்ள சரக்குக்கு வரி இன்வாய்ஸ். வரி இல்லாத சரக்குக்கும் கூட்டு முறைக்காரருக்கும் 'பில் ஆஃப் சப்ளை', அதாவது வரி காட்டாத பில். வரிசை எண் 16 எழுத்துக்குள், ஓர் ஆண்டில் ஒரே எண் இரண்டு முறை வராமல் இருக்கவேண்டும். பதிவு இல்லாத வாடிக்கையாளருக்கு 200 ரூபாய்க்குக் கீழே விற்றால், அவர் கேட்காத பட்சத்தில் தனித்தனிப் பில் வேண்டாம், நாள் முடிவில் மொத்தமாக ஒரு பில் போட்டால் போதும்.

வரி உள்ள சரக்கை வண்டியில் ஏற்றும்போது இ-வே பில் (சரக்கு கொண்டுபோவதற்காக இணையத்தில் எடுக்கும் சீட்டு) வேண்டும். தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சத்துக்கு மேல், மாநிலம் தாண்டினால் 50,000 ரூபாய்க்கு மேல். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் வீதம் செல்லுபடியாகும். வரி இல்லாத மீனுக்கும் உப்புக்கும் இது தேவையில்லை, ஆனால் வண்டியில் பில் ஆஃப் சப்ளை இல்லாவிட்டால் சாலையில் நிறுத்தும்போது விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க நேரும். அதற்குள் ஐஸ் உருகிவிடும்.

வழக்கமான முறையில் இருந்து, பதிவு இல்லாத உரிமையாளரிடம் கடையை வாடகைக்கு எடுத்திருந்தால், வாடகைக்கான 18 சதவீத ஜிஎஸ்டியை நீங்களே கட்டவேண்டும். 2024 அக்டோபர் 10 முதல் இது நடைமுறை. கட்டிய வரியைப் பின்னர் உள்ளீட்டு வரியாக எடுக்கலாம், லாட்ஜும் உணவகமும் எடுக்கமுடியாது. கூட்டு முறைக்காரருக்கு இதிலிருந்து விலக்கு வந்துவிட்டது.

ரிட்டர்ன், மீன்பிடித் தடைக்காலம்

கூட்டு முறைக்காரர் ஒவ்வொரு காலாண்டும் முடிந்த அடுத்த மாதம் 18-க்குள் சிஎம்பி-08 படிவம் போட்டுக் கட்டவேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை ஜிஎஸ்டிஆர்-4, ஜூன் 30-க்குள்.

வழக்கமான முறையில் மாதந்தோறும் விற்பனைப் பில்களைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1 அடுத்த மாதம் 11-க்குள், வரியைக் கணக்கிட்டுக் கட்டும் ஜிஎஸ்டிஆர்-3பி 20-க்குள். விற்றுமுதல் 5 கோடி வரை உள்ளவர் காலாண்டு முறையைத் தேர்ந்தெடுக்கலாம். அப்போது ஜிஎஸ்டிஆர்-1 காலாண்டு முடிந்த அடுத்த மாதம் 13-க்குள், 3பி தமிழ்நாட்டுக்கு 22-க்குள். ஆனால் வரிப் பணத்தைக் காலாண்டின் முதல் இரண்டு மாதங்களுக்கும் அடுத்த மாதம் 25-க்குள் சலானில் கட்டியாகவேண்டும்.

இந்தச் சலானுக்கு இரண்டு வழி. ஒன்று, முந்தைய காலாண்டில் உள்ளீட்டு வரி போகப் பணமாகக் கட்டிய வரியில் 35 சதவீதத்தை இணையதளமே கணக்கிட்டுக் காட்டும், அதைக் கட்டிவிடலாம். இன்னொன்று, அந்த மாதத்து உண்மையான வரியைக் கணக்கிட்டுக் கட்டுவது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது அவற்றை நம்பிய தொழிலும் படுத்துவிடும். அந்தக் காலாண்டில் 35 சதவீத வழியில் போனால், ஜனவரி முதல் மார்ச் வரை நன்றாக ஓடிய கணக்கை வைத்துத் தேவைக்கு மேல் கட்டிவிடுவீர்கள். ஏப்ரல், மே மாதங்களுக்கு உண்மைக் கணக்கு வழியே சரி. ஜூலை, ஆகஸ்டுக்கு நேர்மாறாக 35 சதவீத வழி கைகொடுக்கும். தடைக்காலக் காலாண்டின் சிறிய தொகையில் 35 சதவீதம் கட்டினால் போதும், வட்டியும் வராது. ஆனால் மீதி முழுவதையும் அக்டோபர் 22-க்குள் ஒரே தவணையில் கட்டவேண்டியிருக்கும். அந்தப் பணத்தைத் தனியாக எடுத்து வைக்காவிட்டால் அப்போது திணறவேண்டிவரும்.

வியாபாரமே நடக்காத மாதத்துக்கும் பூஜ்ய ரிட்டர்ன் போட்டாகவேண்டும். படகு ஓடவில்லை என்பது காரணமாகாது. கணினி வேண்டியதில்லை, பதிவு செய்த கைப்பேசியிலிருந்து 14409 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பியே பூஜ்ய ரிட்டர்னை முடிக்கலாம். தாமதமானால் பூஜ்ய ரிட்டர்னுக்கு நாளுக்கு 20 ரூபாய், அதிகபட்சம் 500. வரி உள்ள ரிட்டர்னுக்கு நாளுக்கு 50, ஒன்றரைக் கோடிக்குள் விற்றுமுதல் உள்ளவருக்கு ஒரு ரிட்டர்னுக்கு 2,000 வரை. இதோடு வரித் தொகைக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. மாத ரிட்டர்ன் தொடர்ந்து ஆறு மாதம் வராவிட்டால் பதிவை ரத்து செய்யலாம். ரத்தானால் மீட்க 90 நாளுக்குள் விண்ணப்பிக்கவேண்டும், அதற்கு முன் பழைய ரிட்டர்ன் எல்லாவற்றையும் அபராதத்தோடு போட்டு முடிக்கவேண்டும்.

உள்ளீட்டு வரி எடுப்பதற்கு முன், உங்களுக்கு விற்றவர்கள் காட்டிய பில்கள் வரும் ஜிஎஸ்டிஆர்-2பி பட்டியலை இணையதளத்தில் பாருங்கள். நீங்கள் வரி கொடுத்து வாங்கியிருந்தாலும், விற்றவர் தன் ரிட்டர்னில் அந்தப் பில்லைக் காட்டாவிட்டால் உங்களால் எடுக்கமுடியாது. மதுரையில் பேக்கிங் பொருள் வாங்கும்போது பில்லில் உங்கள் ஜிஎஸ்டி எண் எழுதப்பட்டிருக்கிறதா என்று கடையை விட்டு இறங்குவதற்கு முன்னேயே பார்த்துவிடுங்கள். வரி உள்ள பாக்கெட்டும் வரி இல்லாத மூட்டையும் இரண்டும் விற்பவர், பொதுச் செலவுகளுக்கான உள்ளீட்டு வரியில் வரி இல்லாத விற்பனைக்குரிய பங்கைக் கழித்துவிடவேண்டும்.

வருமான வரி: மீன்பிடி விவசாயம் ஆகாது

மிளகாய், தென்னை, நெல்லில் வரும் வருமானத்துக்கு வருமான வரி இல்லை. அதை வைத்து மீனுக்கும் உப்புக்கும் விலக்கு உண்டு என்று பலர் நினைக்கிறார்கள். மீன்பிடி வருமானமும் உப்பள வருமானமும் வருமான வரிச் சட்டத்தில் விவசாய வருமானம் அல்ல. ஜிஎஸ்டி இல்லாத கருவாட்டு வியாபாரத்தின் லாபத்துக்கும் வருமான வரி உண்டு.

2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் பொருந்துகிறது. பிரிவு எண்கள் மாறினாலும், ஆடிட்டர்கள் இன்னும் சொல்வது பழைய எண்களைத்தான். அவற்றில் நீங்கள் தெரிந்துகொள்ளவேண்டியது 44ஏடி. விற்றுமுதல் 2 கோடி வரை, ரொக்க வரவு 5 சதவீதத்துக்குள் இருந்தால் 3 கோடி வரை, முழுக் கணக்குப் புத்தகம் இல்லாமலேயே லாபத்தை மதிப்பிட்டுக் காட்டலாம். ரொக்க விற்பனையில் 8 சதவீதம், வங்கி, யுபிஐ வழியாக வந்ததில் 6 சதவீதம். விற்பனை 38 லட்சம், அதில் ரொக்கம் 22, யுபிஐ 16 என்றால் லாபம் 1,76,000 கூட்டல் 96,000, மொத்தம் 2,72,000 ரூபாய். இது குறைந்தபட்சம். உண்மை லாபம் அதிகமென்றால் அதைத்தான் காட்டவேண்டும். புதிய வரி முறையில் ஆண்டு வருமானம் 4 லட்சம் வரை வரி இல்லை. தள்ளுபடியால் 12 லட்சம் வரை கட்டவேண்டிய தொகை பூஜ்யமாகிவிடுகிறது. அதனால் லாபத்தை ஒளிக்கவேண்டிய அவசியமே பெரும்பாலோருக்கு இல்லை. குறைத்துக் காட்டினால் நாளைக்கு வங்கியில் கடன் கேட்கும்போது அந்த ரிட்டர்னே எதிராக நிற்கும்.

ஏலத்தில் கமிஷன் எடுக்கும் தரகர்கள் 44ஏடியைப் பயன்படுத்த முடியாது. கமிஷன், தரகு, ஏஜென்சி வருமானத்துக்கு அது கிடையாது. அவர்கள் வரவு செலவுக் கணக்கு எழுதியே ஆகவேண்டும். 44ஏடியில் வந்துவிட்டு ஐந்து ஆண்டுக்குள் குறைந்த லாபம் காட்டி வெளியே போனால், அடுத்த ஐந்து ஆண்டு திரும்பி வரமுடியாது. அண்ணன் தம்பிகள் கூட்டு நிறுவனமாக (பார்ட்னர்ஷிப்) பதிந்தால் அதற்குத் தனிப் பான், லாபத்தில் முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீத வரி. இந்த 4 லட்சம், 12 லட்சம் சலுகையெல்லாம் நிறுவனத்துக்கு இல்லை. பத்திரம் எழுதுவதற்கு முன் இதை யோசிக்கவேண்டும்.

வரி வராத அளவு வருமானம் என்றாலும் சிலர் ரிட்டர்ன் போட்டாகவேண்டும். ஆண்டு விற்பனை 60 லட்சத்தைத் தாண்டினால், சேமிப்புக் கணக்கில் 50 லட்சத்துக்கு மேல் போட்டிருந்தால், மின்கட்டணம் ஆண்டுக்கு ஒரு லட்சத்தைத் தாண்டினால். கடைசியது ஐஸ் பிளான்ட், குளிர்பதனக் கிடங்கு வைத்திருக்கும் எல்லோரையும் பிடித்துவிடும். படிவம் ஐடிஆர்-4. ஜூலைக்குள் முடித்துவிடுவது பாதுகாப்பு. தாமதக் கட்டணம் 5 லட்சம் வருமானம் வரை 1,000, மேலே 5,000. வரி வரும் என்றால் மார்ச் 15-க்குள் முன்வரி (ஆண்டு முடிவதற்கு முன்பே கட்டும் வருமான வரி) கட்டவேண்டும்.

ரொக்கத்தில் எங்கே கவனம்

கரையில் வியாபாரம் ரொக்கத்தில்தான் நடக்கிறது, அது குற்றமில்லை. எல்லைகளைத் தெரிந்துகொண்டால் போதும்.

ஒருவரிடமிருந்து ஒரே நாளில், அல்லது ஒரே வியாபாரத்துக்காக 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக்கூடாது. வாங்கினால் அபராதம் அதே தொகை. துண்டு துண்டாகப் பல நாள் வாங்கினாலும் ஒரே பில்லுக்கென்றால் தப்பமுடியாது.

கணக்குப் புத்தகம் வைப்பவர் ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவை வருமான வரியில் ஏற்கமாட்டார்கள். ஆனால் மீன் வாங்குவதற்கு இதில் விலக்கு உண்டு. மீனவரிடமோ, கரையிலேயே மீனைத் தரம் பிரித்து விற்கும் மீனவர் தலைவரிடமோ நேரடியாக வாங்கினால் எவ்வளவு வேண்டுமானாலும் ரொக்கம் கொடுக்கலாம். இறால், கணவாய், நண்டு எல்லாம் இதில் அடங்கும். வியாபாரியிடமோ தரகரிடமோ வாங்கினால் இந்த விலக்கு இல்லை. எனவே கொள்முதல் சீட்டில் படகின் பதிவு எண்ணும் விற்றவர் பெயரும் கையெழுத்தும் இருக்கட்டும். அது இல்லாவிட்டால் மீனவரிடம்தான் வாங்கினீர்கள் என்று காட்ட வழியில்லை.

படகுக்கு முன்பணம் கொடுத்து, பிடிக்கும் மீனைத் தனக்கே போடச்சொல்லும் வழக்கம் உண்டு. அந்த முன்பணம் கடனாக இருந்தால் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவதோ திருப்பித் தருவதோ கூடாது. காசோலையிலோ வங்கி வழியாகவோ கொடுங்கள். ரொக்கமாக வாங்கிய சம்மாட்டிக்குத்தான் அபராதம் போகும்.

ஓர் ஆண்டில் ஒரு கோடிக்கு மேல் வங்கியில் ரொக்கம் எடுத்தால் 2 சதவீதம் வரியாகப் பிடிப்பார்கள். ஏலத்துக்குத் தினமும் பணம் எடுப்பவர் இதைக் கவனிக்கவேண்டும்.

யுபிஐ பலகையைப் பொறுத்தவரை, வீட்டுக் கணக்கையும் கடைக் கணக்கையும் ஒன்றாக வைக்காதீர்கள். 2025 ஜூலையில் கர்நாடகத்தில் சிறு கடைக்காரர்களுக்கு யுபிஐ வரவை வைத்தே ஜிஎஸ்டி நோட்டீஸ் போனது. வளைகுடாவிலிருந்து மகன் அனுப்பும் பணமும், சீட்டுப் பணமும், கருவாடு விற்ற பணமும் ஒரே கணக்கில் கிடந்தால், எது விற்பனை என்று நீங்கள்தான் பிரித்து நிரூபிக்கவேண்டும். கீழக்கரை போன்ற ஊர்களில் இந்தச் சிக்கல் வர வாய்ப்பு அதிகம்.

ஊர் வரி

தொழில்வரியை அரையாண்டுக்கு ஒருமுறை உள்ளாட்சிக்குக் கட்டவேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச். அரையாண்டு வருமானம் 21,000 ரூபாயைத் தாண்டினால் தொடங்கும், அதிகபட்சம் 1,250 ரூபாய். ராமேஸ்வரம், கீழக்கரை என்றால் நகராட்சி. மண்டபம், தொண்டி என்றால் பேரூராட்சி. தங்கச்சிமடம், பாம்பன் என்றால் ஊராட்சி. தொகை சிறியதுதான். ஆனால் தொழில் உரிமம் புதுப்பிக்கப் போகும்போது பாக்கி இருந்தால் அதைக் கட்டிவிட்டு வரச் சொல்வார்கள்.

நோட்டீஸ் வந்தால், தொழிலை மூடினால்

வரித் துறை நோட்டீஸ் என்று வாட்ஸாப்பில் வந்தால் உடனே பணம் அனுப்பாதீர்கள். உண்மையான நோட்டீஸில் ஆவண எண் இருக்கும், அதை இணையதளத்தில் போட்டுச் சரிபார்க்கலாம். உள்நுழைந்து உங்கள் கணக்கிலும் அது இருக்கிறதா என்று பாருங்கள். உண்மையென்றால் குறித்த நாளுக்குள் எழுத்தில் பதில் கொடுக்கவேண்டும். நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தது பதிலாகாது.

ஜிஎஸ்டி பதிவு எடுத்து, தொழில் சரிவரவில்லை என்றால் கடையைப் பூட்டிவிட்டுப் போய்விடாதீர்கள். ஆர்இஜி-16 படிவத்தில் ரத்து கேட்கவேண்டும், இருப்பில் உள்ள சரக்குக்கு எடுத்த உள்ளீட்டு வரியைத் திருப்பிக் கட்டவேண்டும். வழக்கமான முறையில் இருந்தவர் ரத்தான மூன்று மாதத்துக்குள் ஜிஎஸ்டிஆர்-10 என்ற இறுதி ரிட்டர்னையும் போடவேண்டும். கூட்டு முறைக்காரருக்கு இந்த இறுதி ரிட்டர்ன் இல்லை, ஆனால் அந்த ஆண்டுக்கான ஜிஎஸ்டிஆர்-4 உண்டு.